மீட்டருக்குப் பின்னால் எத்தனை பேர்? சென்னைக் குடிநீர்க் கட்டணத்துக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

சென்னையில் வீட்டுக் குடிநீர் இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் மீட்டர் கிடையாது. குடியிருப்பு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையையும், கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதத்தைக் குடிநீர், கழிவுநீர் வரியாகவும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்குக் கட்டிவிட்டால், குழாயில் வருவதை முடிந்த மட்டும் சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) நிரப்பிக்கொள்ளலாம். நெடுங்காலம் 50 ரூபாயாக இருந்த அந்த மாதத் தொகை பிறகு உயர்த்தப்பட்டது என்றாலும் அதன் இயல்பு மாறவில்லை. இருவர் வாழும் வீடும் எட்டுப் பேர் வாழும் வீடும், தோட்டத்துக்கு ஹோஸ் பிடிப்பவரும் குடத்தில் அளந்து புழங்குபவரும் அதே தொகையைத்தான் கட்டுகிறார்கள்.

தண்ணீருக்கு ஆகும் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் மழையால் சேரும் நீருக்குச் சுத்திகரிப்பும் குழாயும்தான் முதன்மைச் செலவு. 2004 முதல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வரும் நீருக்கு அதைவிடக் கூடுதலாகும். 2010-இல் மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியபோது, ஒப்பந்தப்படி ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 48 ரூபாய் கொடுத்து வாரியம் அந்த நீரை வாங்க வேண்டியிருந்தது. அதன்பின் நெம்மேலியில் 2013-இல் ஓர் ஆலையும் 2024-இல் இன்னோர் ஆலையும் வந்துவிட்டன. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கான பணிகள் நடக்கின்றன. நகரம் வளர வளர அதற்குத் தேவைப்படும் கூடுதல் நீரின் பெரும்பகுதி கடலிலிருந்துதான் வரப்போகிறது என்றால், அந்த நீரின் விலையை யார், எந்த அளவில், எந்தக் கணக்கில் ஏற்பது என்ற முடிவை இனியும் தள்ளிப்போட முடியாது.

ஒரு குடிநீர்க் கட்டணம் நல்லதா என்று பார்ப்பதற்கு முன், அதனிடம் நாம் எதிர்பார்ப்பவை ஒன்றோடொன்று மோதுபவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய்களையும் நிலையங்களையும் பழுதின்றி வைத்திருக்கப் போதுமான வருவாய் வேண்டும்; குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்கத் தேவையான நீர் ஏழைக்கும் எட்ட வேண்டும்; வீணாக்குபவருக்கு அதன் செலவு உறைக்க வேண்டும்; பில்லைப் படிக்கும் எவருக்கும் கணக்கு விளங்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தால் நிலையான தொகை நல்லது. மூன்றாவதை மட்டும் பார்த்தால் அது மிக மோசமானது. உலகின் நகரங்கள் இவற்றுள் எதற்கு முதலிடம் கொடுத்தன என்பதைப் பொறுத்தே அவற்றின் கட்டண முறைகள் வேறுபடுகின்றன.

இருப்பதையே தொடர்வது

இப்போதுள்ள முறையைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதற்கும் நியாயமான வாதங்கள் உண்டு. மீட்டர் வாங்கும் செலவும், பொருத்தும் செலவும், மாதாமாதம் கணக்கெடுக்கும் ஆட்செலவும் இல்லை. வரி ஆண்டு மதிப்பைச் சார்ந்திருப்பதால் பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டுகிறார். இங்கிலாந்தில் மீட்டர் இல்லாத வீடுகள் இன்றளவும் பழைய வாடகை மதிப்பின் அடிப்படையில்தான் தண்ணீருக்குப் பணம் கட்டுகின்றன. மழை பொய்த்து விநியோகம் குறைந்தாலும் வாரியத்தின் வருவாய் குறைவதில்லை.

ஆனால் விலை பங்கிடாத நீரை வேறு ஏதோ ஒன்று பங்கிட்டே தீரும். சென்னையில் அதைப் பங்கிடுவது சம்பின் கொள்ளளவும் மோட்டாரின் குதிரைத்திறனும்தான். குழாயில் நீர் வரும் சில மணி நேரத்தில், 20,000 லிட்டர் சம்ப் உள்ள வீடு அதை நிரப்பிக்கொள்கிறது. தெருக்கோடியில் அடிபம்பை நம்பியிருக்கும் வீட்டுக்கு அழுத்தம் குறைந்த பிறகு எஞ்சியதே கிடைக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை ஏற்பட்டபோது இந்தப் பங்கீடு எவ்வளவு கொடியது என்பது நகரம் முழுவதற்கும் தெரிந்தது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. கிடைத்த தண்ணீர்தான் ஒன்றாக இல்லை. எனவே நிலையான தொகை ஏழைகளுக்குச் சாதகமானது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. குறைந்த விலையின் பயன், அந்த விலைக்கு நீரைப் பிடித்துவைக்க இடமிருப்பவருக்கே போய்ச் சேருகிறது.

லிட்டருக்கு ஒரே விலை

மீட்டர் வைத்து, ஆயிரம் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று எல்லோருக்கும் ஒரே விலை வைப்பது அடுத்த வழி. விளங்கிக்கொள்ள இதைவிட எளிய முறை இல்லை. பாதி புழங்கினால் பாதிப் பணம். ஒரு மீட்டருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தாலும் ஆறு குடும்பங்கள் இருந்தாலும் லிட்டரின் விலை மாறாது என்பது இதன் பெருஞ்சிறப்பு. இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அடுத்த முறையைப் பார்க்கும்போது தெரியும்.

இதன் குறையும் வெளிப்படையானது. விலையை ஏரி நீரின் செலவுக்கு வைத்தால் கடல்நீர் ஆலையின் நட்டத்தை அரசு மானியம் சுமக்க வேண்டும். ஆலை நீரின் செலவுக்கு வைத்தால் முதல் குடத்துக்கே விலை ஏறிவிடும். சிலி நாடு இதற்கு ஒரு தீர்வு கண்டது: விலையை உண்மைச் செலவுக்கு நெருக்கமாக வைத்துவிட்டு, ஏழைக் குடும்பங்களை அரசே அடையாளம் கண்டு, முதல் சில கன மீட்டர் நீருக்கான பில்லில் ஒரு பகுதியைத் தானே கட்டுகிறது. விலைக்கு ஒரு வேலை, மானியத்துக்கு ஒரு வேலை என்று இரண்டையும் பிரித்துவிட்ட இந்த ஏற்பாட்டில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது நடக்க, ஏழைகள் யார், எங்கே வாழ்கிறார்கள் என்ற பட்டியல் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும்.

ஸ்லாப் முறை

மீட்டர் என்றதும் நம் ஊரில் எல்லோர் நினைவுக்கும் வருவது ஸ்லாப் முறைதான். முதல் அடுக்குக்குக் குறைந்த விலை, அடுத்த அடுக்குக்குக் கூடுதல் விலை, அதற்கும் மேல் இன்னும் கூடுதல் விலை. தேவைக்குப் புழங்குபவர் குறைவாகவும் ஆடம்பரமாகப் புழங்குபவர் கூடுதலாகவும் கட்டுவார் என்பதே இதன் அடிப்படை. சென்னையில் மீட்டர் உள்ள சில இணைப்புகளுக்கும் இந்த முறையே இருந்துவருகிறது. காதுக்கு நியாயமாக ஒலிப்பதால்தான் உலகெங்கும் அரசியலாளர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெங்களூரு குடிநீர் வாரியம் 2014-இல் வீடுகளுக்கு வைத்த விகிதம் இது: 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய், அதற்குமேல் 25,000 வரை 11 ரூபாய், 50,000 வரை 26 ரூபாய், அதற்குமேல் 45 ரூபாய். இந்த விகிதத்தை மட்டும் எடுத்து, சென்னையில் நாம் அன்றாடம் காணும் இரண்டு வீடுகளின் மீட்டர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலாவது, மூவர் வாழும் தனி வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் புழங்குகிறார்கள். மாதம் 18,000 லிட்டர். பில் 166 ரூபாய். ஆயிரம் லிட்டருக்குச் சராசரி 9 ரூபாய் 22 காசு. இரண்டாவது, வியாசர்பாடியிலோ மந்தைவெளியிலோ இருக்கக்கூடிய ஒண்டுக்குடித்தன வீடு. ஒரே இணைப்பு, நான்கு குடித்தனங்கள், குடித்தனத்துக்கு நால்வராக 16 பேர், ஆளுக்கு 100 லிட்டர். மாதம் 48,000 லிட்டர். பில் 841 ரூபாய். ஆயிரம் லிட்டருக்குச் சராசரி 17 ரூபாய் 52 காசு.

ஆளுக்குப் பாதித் தண்ணீர் புழங்குபவர்கள் லிட்டருக்கு ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுக்கிறார்கள். வீணாக்குபவரைத் தண்டிக்க வைத்த அடுக்கு, இடநெருக்கடியில் வாழ்பவரைத் தண்டிக்கிறது. மீட்டருக்குத் தண்ணீரைத்தான் எண்ணத் தெரியும். ஆட்களை எண்ணத் தெரியாது. கூட்டுக் குடும்பங்களும், இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் வாடகைக் குடித்தனங்களும், ஊரிலிருந்து படிக்க வந்த உறவுப் பிள்ளைகளைத் தங்கவைத்திருக்கும் வீடுகளும் இந்தக் குருட்டு எண்ணிக்கையில் மேல் அடுக்குக்குத் தள்ளப்படுகின்றன.

இந்த அநியாயம் தமிழ்நாட்டு வாடகைதாரர்களுக்குப் புதிதன்று. மின்கட்டணத்தில் குறைந்த ஸ்லாபின் சலுகையும் இலவச யூனிட்டுகளும் இணைப்புக்குத்தான் உரியவை என்பதால், ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில், வீட்டு உரிமையாளர் சொல்லும் ஒரே உயர்ந்த விலையை ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். தண்ணீரிலும் அதே வடிவத்தைக் கொண்டுவந்தால் அதே விளைவுதான் வரும்.

ஸ்லாப் முறையின் இன்னொரு வடிவம் டெல்லியினுடையது. 2015 முதல் அங்கே மாதம் 20,000 லிட்டர் வரை புழங்கும் வீட்டுக்குத் தண்ணீர் இலவசம். அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் முழுப் புழக்கத்துக்கும் பணம் கட்ட வேண்டும். ஐந்து பேர் வாழும் வீட்டில் ஆளுக்கு 133 லிட்டர் வரை எந்தச் செலவும் இல்லை. பத்துப் பேர் வாழும் வீட்டில் ஆளுக்கு 67 லிட்டரைத் தாண்டினாலே முழு பில். ஒரு குடம் கூடினாலும் கை சுடும் இந்த விளிம்பில், 19,000 லிட்டரில் நிற்பவருக்குச் சேமிக்கக் காரணம் உண்டு; 12,000 லிட்டரில் நிற்பவருக்கு எந்தக் காரணமும் இல்லை. மக்களுக்குப் பெருத்த நிம்மதி தந்த சலுகை என்பதை மறுக்க முடியாது. ஆனால் சேமிப்பை ஊக்குவிக்கும் கட்டணமாக இதைக் கொள்ள முடியாது.

ஆள்கணக்கில் ஒதுக்கீடு

ஆட்களை எண்ணாததுதான் குறை என்றால், எண்ணிவிடலாமே? கலிபோர்னியாவில் இர்வைன் ராஞ்ச் நீர் மாவட்டம் 1991-இல் தொடங்கிய முறை அதுதான். வீட்டில் எத்தனை பேர், தோட்டம் எவ்வளவு பெரியது, அந்த மாதம் வெயில் எவ்வளவு என்பதைக் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஒதுக்கீடு கணக்கிடப்படுகிறது; அதற்குள் நின்றால் குறைந்த விலை, மீறினால் விலை வேகமாக ஏறும். பெரிய குடும்பம் என்பதற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை. கணக்கு என்ற அளவில் இதைவிட நியாயமான முறையை நான் காணவில்லை.

நம் ஊருக்குக் கொண்டுவந்தால் இதன் சிக்கல் தெரியும். தமிழ்நாட்டில் குடும்ப அட்டையில் உறுப்பினர்களின் விவரம் இருக்கிறது. அதை இணைப்பு எண்ணுடன் சேர்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் சென்னையில் வாடகைக்கு வாழும் எத்தனையோ குடும்பங்களின் அட்டை இன்னமும் திருவண்ணாமலையிலோ விருதுநகரிலோ சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது. வடமாநிலத்திலிருந்து வந்து எட்டுப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கு இங்கே அட்டையே இல்லை. எந்தப் பட்டியலை அடிப்படையாக வைத்தாலும், அதிலிருந்து முதலில் விடுபடுபவர் யாருக்காக இந்த முறை கொண்டுவரப்படுகிறதோ அவராகவே இருப்பார். கூடவே, வீட்டில் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கேட்டுச் சரிபார்க்கும் வேலையை, கசிவைக் கண்டுபிடிக்கவே ஆள் போதாத ஓர் அமைப்பின் தலையில் ஏற்றுவதும் சரியாக இராது. தோட்டத்தின் பரப்பைக் கணக்கில் எடுப்பதையோ நான் வெளிப்படையாகவே எதிர்ப்பேன். புல்தரை வைத்திருப்பவருக்கு மலிவு விலையில் கூடுதல் ஒதுக்கீடு கொடுப்பது சென்னைக்கு ஒவ்வாது.

அதே கலிபோர்னியாவிலிருந்து கற்க இன்னொரு பாடமும் இருக்கிறது. சான் ஹுவான் காபிஸ்ட்ரானோ என்ற சிறு நகரம் நான்கு அடுக்குகள் வைத்து, ஓர் அலகு நீருக்கு முதல் அடுக்கில் 2.47 டாலரும் கடைசி அடுக்கில் 9.05 டாலரும் வசூலித்தது. ஒரு சேவைக்கு ஆகும் செலவுக்கு மேல் கட்டணம் இருக்கக் கூடாது என்று 1996-இல் அம்மாநில மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தில் சேர்த்த விதியைக் காட்டி வரி செலுத்துவோர் வழக்குத் தொடுத்தார்கள். 2015 ஏப்ரலில், கடும் வறட்சியின் நடுவே, மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அடுக்குகள் வைப்பது தவறன்று, ஆனால் ஒவ்வோர் அடுக்கின் விலையும் அந்த அடுக்குக்கு நீர் வழங்க ஆகும் செலவோடு பொருந்த வேண்டும், சேமிப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் ஓர் எண்ணைக் கற்பித்துக்கொள்ள முடியாது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்றாலும் அதிலுள்ள ஒழுங்கு நமக்கும் தேவை. ஏன் இந்த அடுக்குக்கு இந்த விலை என்று கேட்டால் வாரியத்திடம் பதில் இருக்க வேண்டும். சென்னைக்கு அந்தப் பதில் கைவசம் இருக்கிறது: கீழ் அடுக்கு ஏரி நீர், மேல் அடுக்கு கடல்நீர்.

விலை ஒரு கையில், தள்ளுபடி மறு கையில்

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. அங்கே வீட்டுக்கு மாதம் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் வரை ஒரே விலை. பெரும்பாலான வீடுகள் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை என்பதால் நடைமுறையில் அது ஒற்றை விலைதான். அந்த விலை குறைவானதன்று. 2018-இல் கன மீட்டருக்கு 2.74 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலராக) இருந்தது, 2024-இலும் 2025-இலும் இரண்டு கட்டமாக ஏற்றப்பட்டு 3.24 வெள்ளியாயிற்று. அதற்குள் கழிவுநீர்க் கட்டணமும், 1991 முதல் இருந்துவரும் நீர்ச் சேமிப்பு வரியும் அடக்கம். அந்த வரி முதல் லிட்டரிலிருந்தே விதிக்கப்படுகிறது. நீர் அரியது என்பதை முதல் குழாய்த் திருப்பலிலேயே உணர்த்த வேண்டும் என்பது அந்த நாட்டின் நிலைப்பாடு.

விலையால் ஏழைகள் நசுங்காமல் இருக்க, வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் வீடுகளில் வாழும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு வீட்டின் அளவைப் பொறுத்து யூ-சேவ் தள்ளுபடி பில்லிலேயே கழிக்கப்படுகிறது. சிறிய வீட்டுக்குப் பெரிய தள்ளுபடி. எவ்வளவு நீர் புழங்கினாலும் தள்ளுபடித் தொகை மாறாது என்பதுதான் இதன் நுட்பம்: சேமிக்கும் குடும்பத்துக்கு அந்தச் சேமிப்பின் முழுப் பயனும் கிடைக்கிறது, மானியம் விலையின் குரலை அமுக்குவதில்லை. ஆளொருவரின் அன்றாடப் புழக்கம் அங்கே 2003-இல் 165 லிட்டராக இருந்து 2018-இல் 141 லிட்டராகக் குறைந்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் 2021-இல் 158-க்கு ஏறியது. இந்தக் குறைவு விலையால் மட்டும் வந்ததன்று. சிக்கனக் குழாய்களும் பள்ளிகளில் நடந்த பிரசாரமும் கசிவைக் கட்டுப்படுத்தியதும் சேர்ந்தே அதைச் சாதித்தன. அமெரிக்காவின் ஃபிலடெல்பியா 2017-இல் தள்ளுபடியை வருமானத்தோடு நேரடியாக இணைத்து, ஏழைக் குடும்பத்தின் பில் அதன் வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் என்று வரையறுத்தது. வருமானத்தை ஆவணத்தில் காட்ட முடியாத கூலித் தொழிலாளர் மிகுந்த நகரத்தில் அதைச் செய்வது கடினம். வீட்டின் அளவு என்ற சிங்கப்பூர் அளவுகோல் நமக்கு எளிது, ஏனெனில் சொத்துவரிப் பதிவில் அது ஏற்கெனவே இருக்கிறது.

போர்வெல்லை மறந்த கட்டணம்

மேற்சொன்ன வெளிநாட்டு நகரங்களில் வீட்டுக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். சென்னையில் நான்கு வழிகள்: வாரியத்தின் மெட்ரோ குழாய், போர்வெல், லாரி, கேன். குழாய் நீருக்கு மட்டும் விலையை ஏற்றினால், போர்வெல் உள்ளவர் குழாயை மூடிவிட்டு மோட்டாரைப் போடுவார். அவருக்கு ஆகும் செலவு மின்சாரம் மட்டுமே. பில்லில் சேமிப்பு தெரியும். நிலத்தடியில் அது இழப்பாகப் பதிவாகும். மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிய வரலாறு நமக்கு இருக்கிறது. 1987-லேயே சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததும் அதனால்தான். மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கி உயர்த்திய நீர்மட்டத்தை, தவறான கட்டணத்தால் மீண்டும் இறக்கிவிடக் கூடாது.

இதற்கு வாரியத்தின் கையில் உள்ள கருவி கழிவுநீர்க் கட்டணம். எந்த வழியில் வந்த நீரானாலும் போவது பெரும்பாலும் ஒரே பாதாளச் சாக்கடைக்குத்தான். 120 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு தன் போர்வெல்லிலும் லாரியிலும் எடுக்கும் நீரை, அந்தக் குழாய்களில் ஒரு மீட்டர் வைத்து அளந்து, சாக்கடைக்குச் செல்லும் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கினால், குழாய் நீரின் விலை உயர்வு நிலத்தடிக்குத் தாவுவது பெருமளவு தடுக்கப்படும். தனி வீடுகளில் இதை அளப்பது இப்போதைக்கு நடக்கக்கூடியதன்று. பெரிய குடியிருப்புகள், விடுதிகள், மண்டபங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் நடக்கும். பயன்படுத்திய நீரை வடிகட்டி மறுபடி கழிவறைக்குப் பயன்படுத்தும் குடியிருப்புக்கு இந்தக் கட்டணம் தானாகவே குறையும் என்பது இதன் கூடுதல் நன்மை.

வருவாயின் ஆட்டம்

சேமிப்பை ஊக்குவிக்கும் கட்டணத்துக்கு ஓர் உள்முரண் உண்டு. மக்கள் உண்மையாகவே சேமித்துவிட்டால் வாரியத்தின் வருவாய் குறையும். செலவோ பெரும்பகுதி குழாய், ஆலை, கடன், சம்பளம் என்று நிலையானது. கேப் டவுன் 2018 தொடக்கத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியது. மக்கள் பாடுபட்டுக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், இணைப்பின் குழாய் அளவைப் பொறுத்து ஒரு நிலையான மாதக் கட்டணத்தை நகராட்சி சேர்த்தது. சேமித்ததற்குக் கிடைத்த பரிசு இதுவா என்ற கோபம் நியாயமானது. அதைத் தவிர்க்க வேண்டுமானால் பில்லில் ஒரு சிறிய நிலையான பகுதி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சிறிதளவு ஏற்றம் இருப்பதும் நல்லது. 2014-இல் வைத்த விகிதத்தை 2025 வரை தொடாமல் இருந்த பெங்களூரு போலப் பல ஆண்டு ஏற்றத்தை ஒரே நாளில் இறக்கினால் எந்தக் கட்டணமும் வெறுக்கப்படும்.

என் தேர்வு

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் பரிந்துரைப்பது, நான்கைந்து படிகள் கொண்ட ஸ்லாபையோ ஆள்கணக்கு ஒதுக்கீட்டையோ அல்ல. குடியிருப்புகளை எண்ணி வைக்கும் இரண்டே படிகளை. ஒரு மீட்டருக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை மடங்காகக் கீழ்ப்படியின் அளவு இருக்க வேண்டும். நால்வருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்று கொண்டால் குடியிருப்பு ஒன்றுக்கு மாதம் 12,000 லிட்டர். கணக்குக்காக அதுவரை ஆயிரம் லிட்டருக்கு 10 ரூபாய், அதற்குமேல் கடல்நீரின் செலவையொட்டி 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு பார்த்த தனி வீட்டின் 18,000 லிட்டருக்கு 390 ரூபாய் ஆகும். நான்கு குடித்தனங்களின் 48,000 லிட்டர் முழுவதும் கீழ்ப்படிக்குள் அடங்கிவிடுவதால் 480 ரூபாய், குடித்தனத்துக்கு 120 ரூபாய். ஆயிரம் லிட்டருக்குத் தனி வீட்டின் சராசரி 21 ரூபாய் 67 காசு. ஒண்டுக்குடித்தனத்தின் சராசரி 10 ரூபாய். நீரை எண்ணிய அதே மீட்டர்தான். அடுப்பையும் எண்ணியதால் நியாயம் தலைகீழாகத் திரும்புகிறது.

குடியிருப்புகளை எண்ணுவது ஆட்களை எண்ணுவதைவிட எளிது. சொத்துவரி மதிப்பீடும் மின் இணைப்புகளும் பெரும்பாலான இடங்களில் அதைக் காட்டிவிடும். காட்டாத இடத்தில், வாடகைக் குடித்தனக்காரரே மின்சார சப்-மீட்டரின் படத்தையோ வாடகை ரசீதையோ கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விதி வைக்கலாம். உரிமையாளரின் கையெழுத்தை அதற்குக் கட்டாயமாக்கவே கூடாது. கட்டாயமாக்கினால் அந்தப் பதிவு நடக்காது. ஆறு பேருக்கு மேல் உள்ள வீட்டுக்குக் கூடுதல் அளவு கேட்கும் உரிமையும் வேண்டும். சிறிய பரப்புள்ள வீடுகளுக்குச் சிங்கப்பூரைப் போல நிலையான தள்ளுபடி கொடுக்கலாம். இணைப்பே இல்லாமல் தெருத்தொட்டியையும் லாரியையும் நம்பியிருப்பவர்களைப் பொறுத்தவரை எந்தக் கட்டண முறையும் உதவாது; அவர்களுக்கு வேண்டியது இணைப்பு. இணைப்புக்கு வாங்கும் தொகையையும் சாலை வெட்டும் செலவையும் தவணையில் கட்ட விடுவது, எந்த ஸ்லாபையும்விட அவர்களுக்கு அதிகம் பயன்படும்.

இந்த முறை எவ்வளவு நீரைச் சேமிக்கும் என்று மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி விலை 10 சதவீதம் ஏறினால் வீட்டுப் புழக்கம் பொதுவாக 3 முதல் 4 சதவீதம் வரையே குறைகிறது. மீட்டரின் பெரிய பயன் விலையைக் காட்டுவது மட்டுமல்ல, கசிவைக் காட்டுவதும் ஆகும். எல்லோரும் உறங்கும் நேரத்திலும் ஓடும் மீட்டர், சம்பின் மிதவை வால்வு பழுதாகியிருப்பதைச் சொல்லிவிடும்.

ஆனால் சென்னைக் குழாய்களில் மீட்டர் பொருத்துவதற்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நாள் முழுவதும் நீர் நிற்காத குழாயில், விநியோகம் தொடங்கும்போது முதலில் தள்ளப்படுவது காற்று. அந்தக் காற்றும் சாதாரண மீட்டரின் சக்கரத்தைச் சுற்றிவிடும். வராத தண்ணீருக்குப் பில் வந்தது என்ற புகார் முதல் மாதத்திலேயே எழுந்தால், நியாயமான கட்டணமும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும். எனவே வரிசை முக்கியம். முதலில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் மீட்டர். அடுத்து, தொடர்ச்சியாக நீர் வழங்க முடிகிற பகுதிகளில் தனி வீடுகள். காற்று வெளியேறும் வால்வுகளும் காற்றால் ஏமாறாத மீட்டர்களும் வந்த பிறகே மற்றப் பகுதிகள். எந்தப் பகுதியானாலும் முதல் ஓராண்டுக்குப் பழைய தொகையையே வாங்கிக்கொண்டு, புதிய முறைப்படி கட்ட வேண்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை அதே பில்லின் கீழே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பில்லில் வீட்டின் புழக்கம், வாரியம் அந்த மீட்டருக்குப் பின்னால் எத்தனை குடியிருப்புகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது என்ற எண், அந்த எண் தவறென்றால் எந்தப் பகுதி அலுவலகத்தில் எந்த நாளுக்குள் திருத்தலாம் என்ற விவரம் ஆகிய மூன்றும் பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும்; பெரும்பான்மையான திருத்தங்கள் முடிந்து, அவற்றின் எண்ணிக்கை பகுதிவாரியாக வெளியிடப்பட்ட பிறகே புதிய கட்டணம் நடைமுறைக்கு வர வேண்டும்.